எட்டாம் கேள்வி

ஆபீஸில் எனக்குப் பெயர் காது. நேரில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். கைகழுவும் இடத்தில் நான் பின்னால் நிற்பது தெரியாமல் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டதில் தெரிந்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது. என் பிழைப்பே கேட்பதுதான்.

எங்களுடையது மக்களின் கருத்தைத் திரட்டிக் கொடுக்கும் கம்பெனி. பெரிய ஹாலில் நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் போன் போட்டுக் கேள்வி கேட்பார்கள். பற்பசையா, பஸ் வசதியா, எதுவாக இருந்தாலும் கேட்பார்கள். ஒவ்வொரு பேச்சும் பதிவாகும். கண்ணாடி அறைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பத்துக்கு ஒன்று என்று எடுத்து நான் கேட்பேன். கேள்வியை எழுதியிருக்கிறபடி படித்தாளா, அவர்கள் சொன்னதைச் சொன்னபடி தட்டச்சு செய்தாளா என்று பார்ப்பேன். ஒரு வார்த்தை கூடினாலும் குறைந்தாலும் சிவப்புப் புள்ளி. மூன்று சிவப்புப் புள்ளி விழுந்தால் அந்தப் பெண் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பதினாறு வருஷமாக இப்படிப் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறேன். என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் அந்த ஹாலில் குறைவு.

இந்த வருஷம் வந்த வேலை, இன்டர்நெட்டிலிருந்து காசு கொடுக்காமல் பாட்டு இறக்கிக்கொள்வதைப் பற்றி. மொத்தம் பதினான்கு கேள்விகள். ஏழாவது, இது சட்டப்படி சரியா, தவறா, தெரியாதா என்பது. எட்டாவது, சட்டத்தை ஒதுக்கி வையுங்கள், உங்கள் மனதுக்கு இது தப்பாகப் படுகிறதா என்பது. ரொம்பத் தப்பு, கொஞ்சம் தப்பு, தப்பில்லை என்று மூன்று பதில்கள். ஒன்பதாவது, ஏன். அதற்குப் பிறகு 'வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா' என்று கேட்க வேண்டும். அவர்கள் 'இல்லை' என்று சொல்கிற வரைக்கும் அதையே திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். நடுவில் அய்யோ, அப்படியா, பாவம் என்று ஒரு வார்த்தை வரக்கூடாது.

முதல் வாரம் எனக்குப் பொழுது நன்றாகப் போயிற்று. மளிகைக்கடைக்காரர் ஒருவர், தன் கடையில் சோப்பு ஒன்று காணாமல் போனதற்கு வேலைக்காரனை விரட்டிவிட்ட கதையைச் சொல்லிவிட்டு, பாட்டு அப்படியா, எடுத்தாலும் அங்கேயேதானே இருக்கிறது என்றார். ஒரு டீச்சரம்மா, பிள்ளைகளுக்காக இறக்கினால் அது கணக்கில் வராது என்று எங்கள் பெண்ணுக்கே பாடம் எடுத்தார். ஒரு போலீஸ்காரர் ஏழாம் கேள்விக்குச் சட்டப் பிரிவெல்லாம் சொல்லி, இது குற்றம் என்று அடித்துச் சொன்னார். எட்டாம் கேள்விக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, தன் போனிலேயே முந்நூறு பாட்டு இருக்கிறது, அதை எழுதிவிடாதே என்றார். அவள் எழுதியிருந்தாள். பச்சைப் புள்ளி வைத்தேன்.

ஊரே தப்பில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. ஏன் என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் தம்பி சொந்தமாக மெட்டமைத்துப் பாட்டுப் போடுகிறவன். வயிற்றுப்பாட்டுக்காகக் கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறான். மனசுக்குப் பாட்டு. தனிக்கட்டை. இரண்டு அறை வீட்டில் ஒன்றை முழுக்கப் பாட்டுக்கென்று ஒதுக்கி, ஜன்னலுக்குக் குறுக்கே மெத்தையை நிறுத்திச் சாத்தி, பக்கத்து வீட்டு மிக்ஸி ஓய்கிற நேரமாகப் பார்த்துப் பார்த்து ஏழு பாட்டுகளைப் பதிவு செய்தான். அதற்கு நான்கு வருஷம் ஆயிற்று. இன்டர்நெட்டில் பாட்டு விற்கிற ஒரு சின்ன கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. மூன்று மாதத்துக்குள் ஐந்நூறு பேர் காசு கொடுத்து வாங்கினால் அடுத்த தொகுப்பை நல்ல ஸ்டுடியோவில் தாங்களே பதிவு செய்து தருவதாகவும், இல்லாவிட்டால் இத்தோடு சரி என்றும் அந்தக் கம்பெனிக்காரர் சொல்லியிருந்தார். தம்பி அதை என்னிடம் சொன்னபோது, ஐந்நூறு என்ன பெரிய ஐந்நூறு, நம் சொந்தக்காரர்களே அதில் பாதி வருவார்களே என்றேன்.

வெளியான அன்று காலை முதல் ஆளாக வாங்கியவள் நான்தான். கேட்டேன். தலைகால் புரியவில்லை. என் தம்பி இப்படிப் பாடுவானா என்று கண்ணீர் கொட்டியது. அந்தச் சந்தோஷத்தில் ஏழு பாட்டையும் அப்படியே, தம்பி எப்போதோ விலகிவிட்ட எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். எல்லாரும் கேட்க வேண்டும், கேட்டால் வாங்குவார்கள் என்று நினைத்தேன். கையில் வந்த பிறகு எவனாவது வாங்குவானா? அது எனக்கு உறைக்கவே இல்லை. ஆபீஸில் கூடுதலாக விழுந்த ஒரு 'உம்'முக்குச் சிவப்புப் புள்ளி வைக்கிறவள் நான். அதிலிருந்து சித்தப்பா மகன் ஒருவன், நம் வீட்டுப் பிள்ளையின் பாட்டை உலகமே கேட்கட்டும் என்று, இலவசமாக இறக்கிக்கொள்ளும் ஒரு தளத்தில் ஏற்றிவிட்டான். அவனுக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. மூன்று மாதத்தில் அங்கே பதினோராயிரம் பேர் இறக்கியிருந்தார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் அறுபத்திரண்டு பேர்.

கம்பெனிக்காரர் போனில் முடித்துக்கொண்ட அன்று நான் தம்பி வீட்டில்தான் இருந்தேன். அவன் போனை வைத்துவிட்டு, யாரோ எடுத்து இலவசத் தளத்தில் போட்டுவிட்டார்கள் என்றான். எனக்குச் சுருக்கென்றது. அந்த நேரத்தில் நான்தான் முதலில் அனுப்பினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் என்ன செய்தேன் தெரியுமா? அந்த யாரோவைத் திட்ட ஆரம்பித்தேன். எவன் செய்தானோ அவன் கை விளங்காமல் போக, அவன் குடும்பம் உருப்படாமல் போக என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சபித்தேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "விடுக்கா" என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. அவன் போன் செய்தால் வேலை, தலைவலி, வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறார்கள் என்று ஏதாவது சாக்கு. ஒன்பது மாதம் ஆகிவிட்டது. அவனுக்குத் தெரிந்திருக்குமோ தெரியாதோ என்ற அரிப்பு மட்டும் ஒரு நாளும் விட்டதில்லை.

இந்த நிலைமையில்தான் அந்தக் கேள்விகளும் பதில்களும் என் காதில் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டாவது வாரம் புதன்கிழமை, ஒரு பதிவைப் போட்டேன். எங்கள் பெண் கேள்வியைப் படிக்கிறாள். மறுமுனையில் ஒரு அம்மாள் தொண்டையைச் செருமுகிறார். அந்தச் செருமலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் அத்தை.

காசு கொடுக்காமல் பாட்டு இறக்கியிருக்கிறீர்களா என்று கேட்டதற்கு அத்தை, தனக்கு இறக்கவெல்லாம் தெரியாது, அண்ணன் மகள் அனுப்புவாள் என்றார். அவள் தம்பியே பெரிய பாட்டுக்காரன், அவன் பாட்டெல்லாம் வெளியே காசாம், இவள் மொத்தக் குடும்பத்துக்கும் சும்மாவே அனுப்பிவிட்டாள், அவளுக்கு ரொம்பத் தாராள மனசு என்று பெருமையாகச் சொன்னார். எங்கள் பெண் ஒரு எழுத்து விடாமல் அதைத் தட்டியிருந்தாள். 'அண்ணன் மகள். தாராள மனசு.' நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன்.

இது எப்படி நடந்தது என்று யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. எங்கள் ஆபீஸில் ஒரு திருட்டு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் இத்தனை ஆண், இத்தனை பெண், இத்தனை வயது என்று கணக்கு நிரம்ப வேண்டும். தெரியாத ஊர்க்காரன் எடுத்தவுடன் வைத்துவிடுவான். ஆகவே பெண்கள் ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்கள் நம்பரைக் கடன் வாங்கிக்கொள்வார்கள். ஊழியர்களின் உறவினர்களைக் கேட்கக்கூடாது என்பது விதி. கண்டுபிடித்துச் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டியவள் நான். பஸ் வசதி பற்றிய வேலை நடந்தபோது, ரயில் என்று நாங்கள் கூப்பிடுகிற பெண், அவள் பேச்சின் வேகத்துக்கு அந்தப் பெயர், என்னிடம் வந்து கெஞ்சினாள். நானும் இரக்கப்பட்டு எங்கள் குடும்பக் குழுவில் இருந்த நம்பர்களை மொத்தமாகக் காப்பி செய்து, கடைசியில் தம்பியின் நம்பரையும் சேர்த்துக் கொடுத்தேன். இருபத்தாறு பேர். தம்பியைத் தவிர்த்தால், எந்த இருபத்தைந்து பேருக்குப் பாட்டை அனுப்பினேனோ அதே இருபத்தைந்து பேர். அந்தத் தாளைத்தான் ரயில் பத்திரமாக வைத்திருந்து இப்போது எடுத்திருக்கிறாள்.

அவளிடம் போய்க் கேட்டேன். எல்லாருக்கும் போட்டு முடித்தாகிவிட்டது, உங்கள் வீட்டு மனுஷங்க ரொம்பத் தங்கமானவங்க, ஒருத்தர்கூட வைக்கவில்லை என்று மூச்சு விடாமல் சொன்னாள். தாளைக் காட்டினாள். இருபத்தாறு டிக். கடைசி டிக் தம்பியின் நம்பருக்கு.

அன்றும் மறுநாளும் மற்றவர்களுடைய பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். கேட்கத் தேவையில்லை, ஆனாலும் கேட்டேன். பெரியம்மா மகன், சொந்தத்தில் பாட்டுக்காரன் இருக்கும்போது பாட்டுக்குக் காசு கொடுத்தால் அது அவனுக்கே அவமானம் என்றார். மாமா, நம் பிள்ளை பாட்டு, நம் பிள்ளையின் அக்கா அனுப்பினாள், இதில் சட்டம் எங்கிருந்து வந்தது என்று சண்டைக்கே போனார். ஒவ்வொருவர் வாயிலும் நான்தான். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எதிர்த்துக் கத்தியிருப்பேன். அவர்கள் வாழ்த்த வாழ்த்த நான் நாற்காலியில் கூனிக் குறுகிப்போனேன்.

இருபத்தாறையும் ரத்து செய்து, நம்பர் கொடுத்தது நான் என்று மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பச்சைப் புள்ளி வைத்து வைத்து அனுப்பினேன். வெட்கக்கேடு ஒன்றோடு நிற்பதில்லை.

தம்பியின் பதிவை மட்டும் தொடவில்லை. 'தகுதியற்றது' என்று ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் பதிவே அழிந்துவிடும், யாரும் கேட்க முடியாது, நான் உட்பட. இரண்டு நாள் அந்தப் பட்டனின் மேல் விரலை வைத்து வைத்து எடுத்தேன். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்து போனதும், பதிவைப் போட்டேன்.

ரயில் வழக்கம்போல எங்கள் ஆபீஸ் பெயரைச் சொல்லி ஆரம்பித்தாள். என் ஆபீஸ் பெயர் அவனுக்குத் தெரியும். பேச்செல்லாம் பதிவாகும், அதைக் கேட்பதுதான் அக்காவின் வேலை என்பதும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, "கேளுங்க" என்றான்.

ஏழாம் கேள்விக்கு, சட்டப்படி தவறு என்றான். எட்டாம் கேள்வியை ரயில் படித்தாள். திரையில் நொடிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினொன்று ஓடின.

"தப்பில்லன்னு போட்டுக்கங்கம்மா" என்றான்.

ஏன் என்று கேட்டாள்.

"வேணும்னு யாரும் செய்யறதில்ல. நம்ம மேல பிரியம் இருக்கறவங்கதான் செய்யறாங்க. தப்புன்னு சொன்னா அவங்கள சொன்ன மாதிரி ஆயிடும்."

வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டாள்.

"நானும் பாட்டு போடறவன்தான். அந்த இலவச சைட்ல என் பாட்டுக்கெல்லாம் என்ன பேரு போட்டிருந்துச்சு தெரியுமாம்மா? தம்பி பாட்டு ஒண்ணு, தம்பி பாட்டு ரெண்டு, தம்பி பாட்டு மூணு. அப்படியே ஏழு வரைக்கும். என்னை தம்பின்னு கூப்பிடற ஆளு உலகத்துல ஒருத்தர்தான்."

அத்தைக்கும் பெரியம்மாவுக்கும் புரியட்டும் என்று, அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு பாட்டுக்கும் நான்தான் அப்படிப் பெயர் மாற்றி வைத்தேன். சித்தப்பா மகன் பெயரைக்கூட மாற்றாமல் ஏற்றியிருக்கிறான். அப்படியென்றால் கம்பெனிக்காரர் போன் செய்த அன்றே தம்பிக்குத் தெரியும். நான் அவன் முன்னால் நின்று கை விளங்காமல் போக என்று சபித்தபோது, யார் கையைச் சபிக்கிறேன் என்று தெரிந்துகொண்டுதான் தலையைக் குனிந்திருக்கிறான். நான் வெட்கப்படக்கூடாதே என்று அவன் வெட்கப்பட்டிருக்கிறான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

ரயில் விதிப்படி மறுபடியும் கேட்டாள், வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று.

"அதுக்கப்புறம் எங்க அக்கா வீட்டுக்கே வர்றதில்ல" என்றான்.

வேறு ஏதாவது?

"இல்ல. அவ்வளவுதான்."

ரயில் தட்டியிருந்ததைப் பார்த்தேன். 'தப்பில்லை. பிரியமானவர்கள் செய்கிறார்கள். இவரும் பாட்டுப் போடுகிறவர்.' மிச்சம் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது என்று விட்டுவிட்டாள். சொன்னதைச் சொன்னபடி என்பது விதி. விட்டுப்போனதைச் சேர்க்க வேண்டியது என் வேலை. சேர்த்தேன். தம்பி பாட்டு ஒன்று, தம்பி பாட்டு இரண்டு என்று என் விரலாலேயே தட்டினேன். அக்கா வீட்டுக்கே வர்றதில்ல என்பதையும் தட்டினேன். அதற்குள் பெண்கள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்கள். கண்ணாடி அறை என்பதால் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

இந்த நாட்டில் இந்தக் கேள்விக்கு 'ரொம்பத் தப்பு' என்று சொல்ல யாருக்காவது உரிமை இருந்தால் அது அவனுக்குத்தான். அவனும் போய் மளிகைக்கடைக்காரரோடும் போலீஸ்காரரோடும் ஒன்றாக நின்றுவிட்டான். எனக்காக.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேராக அவன் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது. ஒரு பெரிய ஸ்பீக்கரைக் கவிழ்த்துப் போட்டு, அறுந்த கம்பியைச் சூட்டுக்கோலால் ஈயம் உருக்கிப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இளைத்துவிட்டாயே என்று ஆரம்பித்து, தண்ணீர் கொண்டுவர எழுந்தான். உட்காருடா என்றேன். பாட்டு அறை ஜன்னலில் மெத்தை இல்லை; அது தரைக்குத் திரும்பியிருந்தது. வெயில் அறை முழுக்க அடித்தது, பக்கத்து வீட்டு மிக்ஸி இரைந்தது, அவன் அதை லட்சியம் செய்யவில்லை.

வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று கோத்துக்கொண்டு வந்தது எல்லாம் மறந்துவிட்டது.

"நான்தான்டா அனுப்பினேன்" என்றேன்.

"தெரியும்க்கா. விடு."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். விடச் சொல்லாத. தப்பா, தப்பில்லையா? ஆபீசுக்குச் சொன்னத எனக்குச் சொல்லாத."

அவன் சூட்டுக்கோலை அதன் தாங்கியில் வைத்தான். கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான். பேச்சை மாற்றிவிடுவான் என்று நினைத்தேன். மாற்ற மாட்டானா என்றுகூட ஒரு பக்கம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"தப்புதான்க்கா" என்றான். "ரொம்பத் தப்பு."

ஒருமுறை சொன்ன பிறகு அவனால் நிறுத்த முடியவில்லை. குரலை உயர்த்தவில்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை, ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அடுத்த தொகுப்புக்கு ஐந்து மெட்டு தயாராக வைத்திருந்தானாம். ஸ்டுடியோவில் வாசிக்க இரண்டு பேரைச் சொல்லிவைத்திருந்தானாம். அவர்களிடம் போய் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்ததாம். தெருவில் யாரோ ஒருவன் போனில் தன் பாட்டு ஓடுவதைக் கேட்டு, சந்தோஷப்படுவதா வயிறெரிவதா என்று தெரியாமல் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றானாம். அன்றைக்கு நான் நின்று சபித்தபோது என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போல இருந்தது என்றான். அதற்குப் பிறகு ஒன்பது மாதம் நான் வராமல் இருந்ததுதான் எல்லாவற்றையும்விட மோசம் என்றான்.

நான் ஒன்றுக்கும் சமாதானம் சொல்லவில்லை. எல்லாம் சொல்லி முடித்து அவன் ஓய்ந்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"மன்னிச்சுடுடா" என்றேன்.

"இப்ப கேக்காதக்கா" என்றான். "இப்ப கேட்டா பரவால்லன்னு சொல்லிடுவேன்."

சூட்டுக்கோலை எடுத்து வேலையைத் தொடர்ந்தான். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.